காக்கா வந்துட்டாக

கீழக்கரையில் அந்த வீட்டுக்குக் குடிபோன மூன்றாம் நாள், நான் ஒரு காக்கைக்கு இஞ்சி டீ போட்டுக் கொண்டுபோனேன். இப்போது வேலை பார்க்கும் பள்ளியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

நான் தமிழாசிரியை. சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். கீழக்கரைக்கு மாறுதல் வந்தபோது என் வீட்டுக்காரர் மதுரையில் வேலையில் இருந்தார். சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை போவார். கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் கீழ்ப்போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. மேல் போர்ஷனில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் தவறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். தெருவே அவரை ராத்தா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அக்கா ராத்தா என்றால் அண்ணனுக்கு என்ன பெயர்? காக்கா. வந்தது வினை.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், மேலேயிருந்து ராத்தாவின் குரல் கேட்டது.

"டீச்சர், காக்கா வந்துட்டாக. மொட்டமாடியில இருக்காக. கொஞ்சம் வாரீகளா?"

துபாயில் அவருக்கு ஒரு அண்ணன் இருப்பது எனக்குத் தெரியும். வீடு பேசும்போது ஃபோனில் என்னிடம் விவரம் கேட்டதே அவர்தான். ஊருக்கு வந்துவிட்டார், புதிதாகக் குடிவந்தவளைப் பார்க்க வேண்டும் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். முகம் கழுவினேன். சேலையைச் சரிசெய்தேன். வெறுங்கையோடு போனால் நன்றாயிருக்காது என்று இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீயும் போட்டு, டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். மேலே ராத்தா கையில் மூங்கில் கம்போடு நின்றார். தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கீழே பத்துப் பன்னிரண்டு கோழிகள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன.

"காக்கா எங்க ராத்தா?" என்றேன்.

"அந்தா இருக்காகள்ல. ஒரு குஞ்சத் தூக்கிட்டாக, ரெண்டாவதுக்கு வந்திருக்காக. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, நான் இந்தப் பக்கம் வெரட்டுறேன்." அப்புறம்தான் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "டீ யாருக்கு டீச்சர்?"

நான் தொட்டியை ஒருமுறை பார்த்தேன். "அவுகளுக்குத்தான்" என்றேன்.

ராத்தா கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சத்தத்தில் காக்கையே பறந்துவிட்டது. டீயை ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம்.

எங்கள் ஊரில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. காக்கை என்றால் 'வருது'. பெரியவர்கள் என்றால் 'வாராக'. வினையின் வாலைப் பிடித்தால் போதும், வந்தது மனிதரா மற்றதா என்று தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வருடக்கணக்கில் உயர்திணை, அஃறிணை நடத்தியிருக்கிறேன். திணை மாறினால் சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண் குறைத்துவிடுவேன். வீடு தேடி வந்து கொடுக்கிற கல்யாணப் பத்திரிகையில் பிழை இருந்தால், கொடுத்தவர் முன்னாலேயே பேனாவைத் திறக்கிற ஆள் நான். இதனால் எனக்குச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் குறைவு. அப்படிப்பட்ட என்னை, உயிருள்ள எதையும் 'அது' என்று சொல்லாத ஒருவரின் வீட்டில் கொண்டுவந்து வைத்தது என் தலையெழுத்து.

ராத்தாவுக்கு எல்லாரும் 'அவுக'தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அவுக, மீன் விற்கிற அம்மா அவுக, சமையலறையில் பால் சட்டியைக் கவிழ்த்த பூனையும் அவுக. கோழிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெயர் வைக்க மாட்டார், முறை வைப்பார். "கறுப்பு மாமி இன்னும் மண்ணுல குளிச்சு முடிக்கல, முடிச்சதும் வருவாக." "செவல மச்சிக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, ஒதுங்கி இருக்காக." குஞ்சைக் கொத்திக்கொண்டு போன காக்கையும் இதே வரிசையில் வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"திருடனுக்கு எதுக்கு ராத்தா மரியாதை?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நாம கொறச்சுப் பேசுனா அவுக திருந்திருவாகளா டீச்சர்? நம்ம வாய்தான் கெட்டுப்போகும்."

சந்தோஷம் மிகுந்து ஒருத்தி தன் பசுவைப் பெண்ணாக்கிப் பேசினால் தமிழ் இலக்கணம் மன்னித்துவிடும். வழுவமைதி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறது. காலை முதல் ராத்திரி வரை கோழி, காக்கை, பூனை, பல்லி என்று எல்லாவற்றையும் 'அவுக' ஆக்கி ஒருத்தர் பேசிக்கொண்டே இருந்தால் எதில் சேர்ப்பது? நான் சேர்க்கவில்லை. கொஞ்ச நாளில் கேட்டுப் பழகிவிட்டேன்.

ஊருக்குள் கோழி வளர்ப்பது இத்தனை பரபரப்பான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் கிராமத்தில் கோழியை யாரும் வளர்ப்பதில்லை, அதுபாட்டுக்கு வளரும். இங்கே மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிச் சிமெண்டு அட்டை போட்ட ஒரு சாய்ப்புக்குள் அவ்வளவும் நடந்தது. கடற்கரையில் ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற பிளாஸ்டிக் பெட்டிகளில் வைக்கோலைப் பரப்பி முட்டையிட இடம் செய்திருந்தார். குஞ்சுகளை மூடி வைக்க மூங்கில் பஞ்சாரம். தீனிக்குக் குறுணையும் கம்பும், அதோடு சூடைக் கருவாட்டை இடித்த தூளும். அந்தத் தூளின் வாடைக்கு ஐந்து வீட்டுப் பூனைகள் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். தெருவில் மாடிகளெல்லாம் ஒட்டி ஒட்டி இருந்ததால் ஒரு கோழி தாவினால் நாலு வீடு தள்ளிப் போய் நிற்கும். நாலாவது வீட்டு மாமி பிடித்து மூன்றாவது வீட்டுக்குக் கொடுக்க, அவர் இரண்டாவது வீட்டுக்குக் கொடுக்க, கைப்பிடிச் சுவர் மேலேயே கைமாறிக் கைமாறித் திரும்பி வரும். வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டுச் செய்தியும் கூடவே வரும்.

ஒருமுறை இரண்டு கோழிகள் தீனி எடுக்காமல் தூங்கி வழிந்தன. ராத்தா ஆட்டோக்காரருக்கு ஃபோன் போட்டார். "மாமிக்கும் மச்சிக்கும் ரொம்ப முடியல தம்பி. தலையே நிக்க மாட்டேங்குது. சட்டுன்னு ஆஸ்பத்திரிக்குப் போகணும்." அந்தத் தம்பி பறந்து வந்தார். நாங்கள் ஒரு மீன் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தோம். மாமியும் மச்சியும் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், நாங்கள் பின்னால் சாமான் கொண்டுபோகிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். ஹாரனை அழுத்திக்கொண்டே போய் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தி, "எந்த வார்டு ராத்தா?" என்றார்.

"இங்க இல்ல தம்பி, கால்நடை ஆஸ்பத்திரி" என்றார் ராத்தா.

ஆட்டோக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். கறுப்பு மாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அவர் வண்டியைத் திருப்பினார். ஊசி போட்டு இரண்டும் பிழைத்துக்கொண்டன. ஆனால் அதே வாரம் சேவல் வெள்ளைக் கழிச்சல் நோயில் போய்விட்டது. ராத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வேறு சேவல் நான்தான் எங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தேன். நல்ல கழுகு நிறம், கொண்டை இரண்டு விரல் கனம். கட்டைப்பையில் உடம்பை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய பஸ்ஸில் மடியில் இருத்தியிருந்தேன். கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு இதற்கும் டிக்கெட் உண்டா என்று யோசிக்கிற மாதிரி நின்றார். நான் அவசரமாக, "அவுக மடியிலயேதான் வாராக" என்றேன். கண்டக்டர் எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நோய் எனக்கும் தொற்றிவிட்டது.

வாசலில் ராத்தா புதுத் தாவணித் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு, தட்டில் தொதலோடு காத்திருந்தார். தொதல் அந்த ஊர் அல்வா, விசேஷ வீட்டில் கொடுப்பது. "வாங்க மாப்பிள்ள, வாங்க" என்று பையை வாங்கிக்கொண்டார். அந்த ஊர் வழக்கம் அப்படி. கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பெண்ணுக்கென்றே கட்டி அவள் பெயரில் எழுதிவிடுவார்கள். "இவுகளும் வந்த எடத்துல கொஞ்சம் கூச்சப்படுவாக டீச்சர். ரெண்டு நாளைக்கு உத்துப் பாக்காதீக." மாப்பிள்ளை கூச்சப்படவில்லை. பையை அவிழ்த்த ஐந்தாவது நிமிஷம் தொட்டி மேல் ஏறி நின்று கூவியது. தொதலை நான் தின்றேன்.

அந்தக் கூவலால்தான் எங்களுக்குத் தொல்லை ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அண்ணன் துபாயிலிருந்து வீடியோ காலில் வருவார். மூன்று தடவை அவர் கோழிகளை ஒழித்துவிடச் சொல்லியிருந்தார். மாடி நாறுகிறது, சுவர் பாழாகிறது, நாட்டுக்கோழிதான் கடையில் கிடைக்கிறதே என்பது அவர் கட்சி. மூன்று தடவையும் ராத்தா "சரி காக்கா" என்று சொல்லியிருந்தார். அவரும் ஒழிந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் ராத்தா ஃபோனைத் தூக்கிக்கொண்டு கீழே என் அடுப்படிக்கு வந்து பேசுவார். அப்படியும் ஒருநாள் பேச்சுக்கு நடுவில் மாப்பிள்ளை மேலேயிருந்து முழுத் தொண்டையில் கூவியது.

"என்ன சத்தம் அது?" என்றார் அண்ணன்.

"டீச்சரு செல்லு அடிக்குது காக்கா."

நான் தேங்காய் துருவிய கையோடு என் ஃபோனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சார்" என்றேன். சேவல் மறுபடி கூவியது. "மறுபடியும் அடிக்குதே டீச்சர், நீங்க பேசிக்கிட்டுதான இருக்கீங்க" என்றார் அண்ணன். மனிதருக்குக் கண் கூர்மை.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ராத்தாவின் கணவர் இறந்தபோது ஓடி வந்து எல்லாக் காரியத்தையும் தலைமேல் போட்டுச் செய்தவர். அதிலிருந்து அவர் சொல், ராத்தாவின் 'சரி' என்று ஆகிவிட்டது. எந்த அறைக்கு என்ன பெயிண்ட், எந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், வேண்டாம், எல்லாம் அவர் சொல்வார். எனக்குத்தான் எரிச்சல் வரும்.

"ஒரே ஒரு தடவ முடியாதுன்னு சொல்லிப் பாருங்களேன் ராத்தா."

"எப்படி டீச்சர்? காக்காகிட்டயா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். எல்லாச் சொல்லுக்கும் மரியாதை வால் ஒட்டத் தெரிந்தவருக்கு 'முடியாது' என்பதற்கு மட்டும் எதை ஒட்டுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. இந்த மரியாதையெல்லாம் வெறும் பயம்தானோ என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றியிருக்கிறது. நினைத்ததை மறைப்பானேன்.

காக்கைகளுக்குப் பயந்து ராத்தா கடற்கரையிலிருந்து ஒரு பழைய வலை வாங்கி வந்து மாடிக்கு மேலே கட்டினார். இரண்டாம் நாளே ஒரு காக்கை அதில் மாட்டிக்கொண்டது. நான் மகிழ்ச்சியோடு கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் ராத்தா கத்தரிக்கோலோடு ஸ்டூல் மேல் நின்றார். "பொறுங்க, பொறுங்க, துள்ளாதீக, கண்ணுல பட்டுரும்" என்று ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். அந்த நன்றிகெட்டது அவர் கட்டைவிரலை ரத்தம் வரக் கொத்தியது. "வலிக்கத்தான் செய்யும், கோவம் வரத்தான் செய்யும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, காக்கையிடம். கடைசிக் கண்ணி அறுந்ததும் அது பறந்து போனது. வலையில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது கறுப்பு மாமி அடைக்கு உட்கார்ந்தது. முட்டை வைக்க ராத்தா பரணிலிருந்து தன் கணவரின் பழைய துபாய்ப் பெட்டியை இறக்கினார். மூடியை நிமிர்த்தி வைத்து, உள்ளே மணலும் வைக்கோலும் பரப்பி, இடிக்கு முட்டை கெடாதிருக்க ஒரு கரித்துண்டும் போட்டு, பிஸ்மி சொல்லி ஒவ்வொன்றாகப் பதினோரு முட்டை வைத்தார். கறுப்பு மாமி இறகை விரித்து அவ்வளவையும் மூடிக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் பேசினார். மொட்டைமாடியில் செல்போன் டவர் போட ஒரு கம்பெனியோடு பேசி முடித்துவிட்டதாகவும், லீவில் வந்து வேலையை ஆரம்பித்து வைப்பதாகவும், அதற்குள் மாடியைச் சுத்தமாகக் காலி செய்து வைக்கும்படியும் சொன்னார்.

"சரி காக்கா" என்றார் ராத்தா.

ஃபோனை வைத்துவிட்டு என் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் விட்டு எண்ணினார். "இருபத்தியோரு நாள்ல பொரிச்சுருவாக. காக்கா வாரது இருபத்திமூணாம் நாளு. குஞ்சுகளோட உங்க பின்கட்டுக்குக் கொண்டாந்துறலாம் டீச்சர். அதுக்கு முன்னாடி பெட்டிய அசச்சா மாமி எந்திரிச்சுருவாக. அப்புறம் உக்கார மாட்டாக. அம்புட்டும் வீணாப்போகும்."

"அப்புறம்? டவர் வந்த பின்னாடி?"

"அப்புறம் எல்லாரையும் யாருக்காவது குடுத்துற வேண்டியதுதான்." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார். "காலையில எந்திரிச்சா நான் பேசுறதுக்கு அவுகதான டீச்சர் இருக்காக." சமாதானம் சொல்லத் தெரியாமல் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

அண்ணன் சொல்லாமல் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வது என்று இருவருமாக ஒரு திட்டம் போட்டோம். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவள் நான். நான் குரல் கொடுக்க வேண்டும். ராத்தா கோழிகளைச் சாய்ப்புக்குள் அடைத்துத் தார்ப்பாயை இழுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து அண்ணனை வரவேற்க வேண்டும். ஆனால் வலையில் ஓட்டை இருந்ததால் பறக்கிற காக்கைக்கும் நான்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே கண்டிப்பாகச் சொன்னேன். "பறக்குற காக்கான்னா 'வந்துருச்சு'ம்பேன். நீங்க கம்ப எடுங்க. உங்க காக்கான்னா 'வந்துட்டாக'ம்பேன். நீங்க தார்ப்பாய இழுங்க. மாறக் கூடாது."

"நீங்க வேணா சொல்லுங்க. எனக்கு அந்த 'ச்சு' வாயில வராது" என்றார். இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். இரண்டு முறையும் சரியாக வந்தது. நான் சொல்லிக்கொடுத்த இலக்கணம் இப்படி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

இருபதாம் நாள் காலை ராத்தா என்னை அவசரமாக மேலே கூப்பிட்டார். கறுப்பு மாமியின் வயிற்றுக்கடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு சன்னக் குரல் கேட்டது. இன்னும் ஓடுகூட உடையவில்லை, அதற்குள் கத்துகிறது. கோழிகளோடே வளர்ந்த எனக்கு அது தெரியாது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "இன்னொண்ணு குடுங்க ராத்தா" என்று வாங்கி வாங்கிக் காதில் வைத்தேன். "பேசுறாகள்ல? நாளைக்கு வந்துருவாக, இன்ஷா அல்லாஹ்" என்றார். பள்ளிக்கு மணியாகிவிட்டது. மனசில்லாமல் இறங்கி ஓடினேன்.

அன்று பரீட்சை காலையோடு முடிந்தது. மதியம் வந்து கதவில் சாவியைப் போடுகிறேன், சந்து முனையில் ஒரு கார் நின்றது. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கையில் பெட்டி. வீடியோவில் பார்த்த அதே முகம், மூன்று நாள் முன்னதாக நடந்து வந்துகொண்டிருந்தது. இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி மேலே பார்த்துக் கத்தினேன்.

"ராத்தா, காக்கா வந்துருச்சு."

சொன்னது என்னவென்று காதில் விழுந்தபோது கைமீறிவிட்டது. மேலே மூங்கில் கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. ராத்தாவின் குரலும் வந்தது. "எங்க இருக்காக, தொட்டி மேலயா?"

"வாசல்ல" என்றேன்.

"கல்லு கில்லு எறிஞ்சுறாதீக டீச்சர். சும்மா ரெண்டு கையவும் தட்டுங்க, போயிருவாக."

அண்ணன் எனக்கு நேரே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். "என்ன டீச்சர், நான் வந்துருச்சா?" என்றார். எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பிழைக்காக அரை அரை மதிப்பெண்ணாகக் குறைத்திருப்பேன். அவர் பெட்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் படியேறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாடியில் எல்லாம் திறந்தமேனிக்கு இருந்தது. பதினான்கு கோழிகளும் வெயிலில் மேய்ந்துகொண்டிருந்தன, மாப்பிள்ளை கைப்பிடிச் சுவரில் நின்றது. அண்ணனைப் பார்த்ததும் ராத்தாவின் கையிலிருந்து கம்பு நழுவி விழுந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க காக்கா" என்றார்.

"போயிருச்சுன்னு சொன்ன?" அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது. "ஒவ்வொரு வாரமும் சரி சரின்னு சொன்னியே. நாளைக்குக் காலையில டவர்க்காரங்க அளக்க வாராங்க. இதுகள இப்பவே அப்புறப்படுத்து." சொல்லிக்கொண்டே சாய்ப்புப் பக்கம் திரும்பினார். பெட்டி கண்ணில் பட்டது. "மச்சான் பெட்டியிலயா கோழிய வச்சிருக்க?" கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் குனிந்தார். கறுப்பு மாமி உடம்பைப் பெருக்கிக்கொண்டு உறுமியது.

"சரி காக்கா" என்கிற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"காக்கா, நில்லுங்க" என்றார் ராத்தா. சத்தமாகச் சொல்லவில்லை. "செருப்போட போறீகளே. பேறுகாலத்துல இருக்குற பொம்பள அறை அது. ஆம்பள உள்ள வரலாமா?"

அண்ணனின் கால்கள் அவரைக் கேட்காமலேயே இரண்டடி பின்னால் வந்தன. வலது கால் செருப்பிலிருந்து தானாக வெளியே வந்துவிட்டது. பெண்கள் இருக்கிற பகுதிக்குள் செருமாமல் நுழையாத வீட்டில் வளர்ந்த கால் அது. நின்ற பிறகுதான் அவருக்குத் தான் எதற்காக நின்றோம் என்பது தெரிந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகத் தங்கையைப் பார்த்தார்.

"கோழி அது" என்றார்.

"ஆமா காக்கா. உள்ள இன்னும் பதினோரு பேரு இருக்காக. காலையிலருந்து பேசிக்கிட்டு இருக்காக. டீச்சருங்கூடக் கேட்டாக."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேகமாகத் தலையாட்டினேன். ஆசிரியை சொன்னால் கொஞ்சமாவது நம்புவார் என்று ஒரு நப்பாசை.

"சரி, பொரிக்கட்டும். ரெண்டு நாள் கழிச்சு எடு. டவர்க்காரங்கள நாளான்னைக்கு வரச் சொல்றேன்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தோடு விட்டாரே, போதும் என்று நினைத்தேன். ராத்தாவைப் பார்த்தேன். அவர் குனிந்து கம்பை எடுத்துச் சுவரில் சாத்தினார்.

"டவரு வேணாம்னு சொல்லிருங்க காக்கா."

"என்னது?"

"வேணாம்னு சொல்லிருங்க."

"வெளயாடுறியா? நான் பேசி முடிச்சுட்டேன். யாரு வேணாம்னான்னு கேப்பாங்கள்ல, நான் என்ன பதில் சொல்றது?"

ராத்தா முக்காட்டைச் சரிசெய்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுக்காரவுக வேணாங்குறாகன்னு சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரவுக எங்கே என்று நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சின்ன வாக்கியத்தின் எழுவாயைக் கண்டுபிடிக்கத் தமிழாசிரியையான எனக்கு அத்தனை நேரமானது. காக்கைக்குக் கொடுத்தார், பூனைக்குக் கொடுத்தார், கேஸ்காரருக்குக் கொடுத்தார். அந்த மரியாதையைத் தனக்கு அவர் ஒருநாளும் கொடுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. அதை நான் கவனித்ததே அந்த நொடியில்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது, அண்ணன் நடுவில் நின்றார்.

அவருக்கு என்னைவிடக் கூடுதல் நேரமானது. தங்கையைப் பார்த்தார், சாய்ப்பைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரோரமாக, மாப்பிள்ளை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் ஃபோனை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார். ஆனாலும் காற்று எங்கள் பக்கமாக வீசியது.

"வேற எடம் பாருங்க தம்பி. இல்ல, இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுக்காரவுக வேணாங்குறாக."

மறுநாள் விடிந்ததும் பதினோரு முட்டையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள்.